கோச்சிங் தொழில் ஏன் வளரவில்லை: எல்லையோர ஊரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் போன மாதம் ஒரு தம்பி தன் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் காட்டினார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டு கோச்சிங், அதாவது ஆட்களோடு உட்கார்ந்து பேசி அவர்கள் தங்கள் சிக்கலைக் கடக்கப் பயிற்சி தரும் தொழில், ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. நோட்டில் பதினொரு பக்கம் எழுதியிருந்தார். நிறுவனத்துக்கு யோசித்து வைத்த பெயர்கள், லோகோவின் நிறம், வெப்சைட்டில் வர வேண்டிய பக்கங்கள், அடுத்துச் சேரப்போகும் சான்றிதழ் படிப்பு, அதன் கட்டணம். எல்லாம் அச்சடித்தது போன்ற கையெழுத்து. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். பயிற்சிக்கு வரக்கூடிய ஒரு ஆளின் பெயர்கூட அதில் இல்லை.

"இந்த வாரம் எத்தனை பேரோட பேசினீங்க தம்பி?"

"இன்னும் வெப்சைட் முடியலைங்கண்ணா."

இதே பதிலைப் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கேட்டிருக்கிறேன். முதல் வருடத்தில் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாக கோச்சிங் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள் நிறைய. ஆனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன. சிக்கலோடு இருக்கும் மனிதருக்கு எதிரில் போய் உட்காருவதை நாம் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட மரியாதையான காரணம் ஏதாவது ஒன்று எப்போதும் கிடைத்துவிடும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த உட்காருதலை நோக்கித்தான். வரிசையாகச் செய்யுங்கள், ஒன்று அரைகுறையாக இருக்கும்போது அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

முதல் படி: யாருக்கு, எதற்கு?

"நான் லைஃப் கோச்." "நான் மோட்டிவேஷன் ட்ரெய்னர்." இப்படிச் சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார், அப்புறம் மறந்துவிடுவார். எல்லோருக்கும் உதவ முடியும் என்று நாம் நம்புவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் என்று சொன்னால் யாரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்து, டிப்ளமோவோ டிகிரியோ முடித்து, கோவையில் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், இன்டர்வியூவில் இங்கிலீஷ். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவார்கள், நேரில் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது இவர்களை மட்டும்தான். என் ஒரு வரி இது: "தமிழ் மீடியத்துல படிச்சு, இன்டர்வியூவுல திணறுறவங்களை, ரெண்டு மாசத்துல தைரியமா பதில் சொல்ல வைக்கிறேன்."

உங்கள் வரியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. டீக்கடைக்காரரிடம் ஒரு தடவை சொல்லுங்கள். நாளை யாராவது கேட்டால் அவரால் அதைத் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வரி இன்னும் தயாராகவில்லை.

எந்தச் சிக்கலை எடுப்பது என்ற குழப்பம் இருந்தால் மூன்றைப் பாருங்கள். நீங்களே அதைக் கடந்து வந்திருக்க வேண்டும், அல்லது வேறு ஒருவரைக் கடக்க வைத்திருக்க வேண்டும். அந்தச் சிக்கலுக்காக மக்கள் ஏற்கெனவே எங்கேயோ காசு செலவழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிக்கல் உள்ள முப்பது பேரையாவது நீங்கள் நேரிலோ போனிலோ எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். தொழில் கவிழ்வது மூன்றாவதில்தான்.

இரண்டாம் படி: விற்காமல் பத்துப் பேரோடு பேசுங்கள்

விலை சொல்ல வேண்டாம், திட்டம் விளக்க வேண்டாம். "இந்த விஷயத்துல என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கணும், அரை மணி நேரம் பேசலாமா?" என்று கேளுங்கள், போதும். கடைசியாக எப்போது இந்தச் சிக்கல் வந்தது, அன்று என்ன நடந்தது, சரிசெய்ய இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது, ஏன் பாதியில் விட்டீர்கள். இவ்வளவுதான் கேள்விகள். "இப்படி ஒரு பயிற்சி இருந்தா சேருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஆமாம் உங்களை ஏமாற்றிவிடும்.

அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒரு பெண் சொன்னாள்: "எனக்கு இங்கிலீஷ் தெரியுங்ண்ணா, வாய்தான் தொறக்க மாட்டேங்குது." அதுவரை என் நோட்டீஸில் 'ஆளுமைத் திறன் மேம்பாடு', 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்றெல்லாம் அச்சடித்திருந்தேன். மூன்று மாதத்தில் வந்த போன் இரண்டு. அதை எடுத்துவிட்டு, "இங்கிலீஷ் தெரியும், வாய்தான் தொறக்க மாட்டேங்குதா?" என்று அவள் வார்த்தையையே தலைப்பாக்கினேன். அந்த வாரமே ஒன்பது பேர் கூப்பிட்டார்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். வந்தவர் எந்த மொழியில் மனசு விட்டுப் பேசுவார் என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. மலையாளத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்குப் பாடம் மலையாளத்தில் வரும், அழுகை தமிழில் வரும். முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் மீட்டிங்கைத் தமிழில் நடத்துவேன், வீட்டு வேலைக்கான தாளைச் சிலருக்கு மலையாளத்தில் கொடுப்பேன். நோட்டீஸிலும் இரண்டு எழுத்தும் இருக்கும்.

சான்றிதழ் பற்றி

இன்டர்வியூ கோச்சிங்கோ வாழ்க்கை கோச்சிங்கோ தருவதற்கு இந்தச் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்பது, குறுக்கே பேசாமல் கேட்பது, மௌனத்தைத் தாங்குவது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகள். தவறு எங்கே என்றால், ஒரு சான்றிதழ் முடிந்ததும் அடுத்ததில் சேர்வது. 1995-இல் தொடங்கிய ஐ.சி.எஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பின் முதல் நிலை அங்கீகாரத்துக்கு 60 மணி நேரப் படிப்பு வேண்டும், அதோடு 100 மணி நேரம் ஆட்களுக்கு கோச்சிங் கொடுத்திருக்கவும் வேண்டும். அடுத்த நிலைக்கு அது 125, 500 ஆகிறது. மேலே போகப் போக வகுப்பறை மணியை விட ஆட்களோடு உட்கார்ந்த மணிதான் வேகமாக ஏறுகிறது. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தத்துக்குப் போகும்போது இந்த அங்கீகாரம் உதவும். முதல் பத்து கிளையன்ட்களில் ஒருவர்கூட என் சான்றிதழைக் கேட்கவில்லை.

மூன்றாம் படி: கட்டணத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் உடைகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் முதல் ஏழு மாதம் இலவசமாகச் செய்தேன். பெயர் கிடைக்கும், அப்புறம் காசு வாங்கலாம் என்று நினைப்பு. நடந்தது வேறு. இலவசமாக வந்தவர்கள் பாதி நாள் வரவே இல்லை. வந்தவர்களும் கொடுத்த வேலையைச் செய்யவில்லை. செய்யாததால் மாற்றம் வரவில்லை, மாற்றம் வராததால் அவர்கள் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. காசு கொடுத்தவர் தன் காசுக்காகவாவது வேலை செய்வார். கட்டணம் வாங்குவது அவருக்கும் நல்லதுதான்.

அடுத்த தவறு, பக்கத்தில் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்த்து அதில் நூறு ரூபாய் குறைப்பது. உங்கள் கணக்கை உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு உதாரணம். வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும். வாடகை, போன், பஸ், அச்சுச் செலவு 6,000. மொத்தம் 36,000. ஒரு செஷன் ஒரு மணி நேரம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரமாவது போகும். புதிய ஆட்களைச் சந்திக்கவும் நேரம் வேண்டும். அதனால் வாரம் பத்து செஷனுக்கு மேல் ஆரம்பத்தில் எடுக்க வேண்டாம். மாதத்துக்கு 40. ஒரு செஷனுக்கு 900 ரூபாய் வருகிறது.

இதை ஒற்றை ஒற்றையாக விற்காதீர்கள். ஒரே நாளில் யாரும் மாறிவிட மாட்டார்கள். முதல் செஷனோடு நின்றவர் "போனேன், ஒண்ணும் ஆகலை" என்றுதான் ஊருக்குச் சொல்வார். வாரம் ஒன்று என எட்டு செஷன், 7,200 ரூபாய், ஒரே திட்டம். பாதி முதல் நாள், மீதி நான்காம் வாரம். இப்படி ஒரே சமயத்தில் பத்துப் பேர் உங்களிடம் இருப்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு மாதம் இருப்பார் என்றால், மாதம் ஐந்து பேர் முடித்துப் போவார்கள், ஐந்து பேர் புதிதாக வர வேண்டும். ஐந்து பெருக்கல் 7,200, அதே 36,000.

இந்த ஐந்து என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். என்னிடம் உட்கார்ந்து பேசுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சேர்கிறார். அப்படியானால் மாதம் பதினைந்து பேச்சு, வாரத்துக்கு நான்கு. தொழில் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இந்த நான்கை மட்டும்தான். லைக், ஃபாலோயர் எதையும் பார்ப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை என்று வைக்கவே கூடாது. கோவைக்காரர்களிடம் கூடுதலாக வாங்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் வாளையாறுக்கு அந்தப் பக்கம் மாமனோ சித்தியோ உண்டு. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு விலையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டன. அதிகம் கொடுத்தவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாளே வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பேரம் பேசினால் விலையைக் குறைக்காதீர்கள், செஷன் எண்ணிக்கையைக் குறையுங்கள். எட்டுக்குப் பதில் ஐந்து, 4,500. சொந்தக்காரர் "நம்ம பையன்தானே" என்று வந்தாலும் இதே வழிதான். முதல் மூன்று பேருக்குப் பாதி விலை என்று வைப்பதில் தப்பில்லை, ஆனால் அது மூன்று பேருக்குத்தான் என்பதையும் முழு விலை என்ன என்பதையும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: முதல் சந்திப்பு

நாற்பது நிமிடம் போதும். இரண்டு விதமாக இதைக் கெடுக்கிறோம். ஒன்று, தெரிந்ததை எல்லாம் முதல் சந்திப்பிலேயே கொட்டிவிடுகிறோம். வந்தவர் நன்றி சொல்லிவிட்டு, தலை பாரத்தோடு வீட்டுக்குப் போவார். இரண்டு, கடைசியில் சேருகிறீர்களா என்று கேட்கவே கேட்காமல் "யோசிச்சுச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுகிறோம்.

முதல் இருபது நிமிடம் அவர் பேசட்டும். அப்புறம் நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். "நீங்க சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இது. எழுத்துத் தேர்வு ரெண்டு தடவை பாஸ். ரெண்டு தடவையும் 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ங்கற முதல் கேள்வியிலயே நின்னுட்டீங்க. சரிங்களா?" அவர் ஆமாம் என்ற பிறகு, எட்டு வாரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு விலை: "ரெண்டு மாசம், எட்டு செஷன், 7,200 ரூபாய்." அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் கனமாக இருக்கும். அதைப் பொறுக்க முடியாமல் "இல்லைன்னா குறைச்சுக்கலாம்" என்று நாமே ஆரம்பித்துவிடுகிறோம். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், விடுங்கள்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பதைத் தட்டிக்கழிப்பு என்று எண்ணாதீர்கள். நம் குடும்பங்களில் காசு முடிவை அப்பாவோ கணவரோ மாமியாரோ சேர்ந்துதான் எடுக்கிறார்கள். "தாராளமா கேளுங்க. புதன்கிழமை சாயங்காலம் அவரையும் கூட்டிட்டு வாங்க, அவர் கேள்விக்கும் பதில் சொல்றேன்" என்று நாள் குறித்துவிடுங்கள். என்னிடம் சேர்ந்தவர்களில் பலர் அந்த இரண்டாவது சந்திப்பில்தான் சேர்ந்தார்கள். ஒரு அப்பா முழு நேரமும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "அவ இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த பணத்தை மேஜையில் வைத்தார்.

ஐந்தாம் படி: நடத்தும் முறை

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை செஷன், எவ்வளவு கட்டணம், வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், பாதியில் நின்றால் நடக்காத செஷனுக்குப் பணம் எப்படித் திரும்பும். வாட்ஸ்அப்பில் எந்த நேரம் வரை பதில் வரும் என்பதும் அதில் இருக்கட்டும். இல்லையென்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் அடிக்கும்.

முதல் நாளே ஒரு அளவு எடுத்து வையுங்கள். நான் மூன்று கேள்விக்கான பதிலை அவர் போனிலேயே வீடியோவாக எடுக்கச் சொல்வேன். எட்டாம் வாரம் அதே கேள்விகள், இன்னொரு வீடியோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் எதுவும் பேசத் தேவையில்லை. அளவே எடுக்காதவருக்கு, மாற்றம் வந்தாலும் வந்தது தெரியாது.

வேலை நிச்சயம், பாஸ் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பாடப் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. நிச்சயத் தேர்ச்சி போன்ற வாக்குறுதிகளும், எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் போடுவதும் கூடாது என்கிறது அது. ஐம்பது பேருக்கு மேல் நடத்தும் மையங்களுக்கான விதி அது. இருந்தாலும் பத்துப் பேரோடு இருக்கும்போதே இந்தப் பழக்கம் இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருபவர் சில நாட்களாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்கிறார் என்றால், அது நம் வேலை இல்லை. கோச் மருத்துவர் அல்ல. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். அந்த எண்ணை உங்கள் மேஜை மேலேயே எழுதி வையுங்கள். அவரை விட்டுவிடாமல், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் ஒப்படையுங்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

தினமும் ரீல்ஸ் போட்டு ஓய்ந்துபோனவர்களைப் பார்க்கிறேன். ரீல்ஸ் தப்பில்லை. ஆனால் தெரியாத பத்தாயிரம் பேர் பார்ப்பதை விட, உங்களைத் தெரிந்த முப்பது பேர் உங்கள் ஒரு வரியைச் சொல்லித் திரிவது முதல் வருடத்தில் அதிகம் கொண்டுவரும்.

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊருக்கு ஊர் வாசகசாலை. செயலாளரிடம் போய் "ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பத்திப் பேசறேன், காசு வேண்டாம்" என்று சொன்னால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களும் உண்டு. அம்மாக்கள்தான் பிள்ளையை அழைத்து வருவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் ஆசிரியர்களைப் பாருங்கள். பேச்சின் முடிவில் ஒரு தாளைச் சுற்றவிடுங்கள், தனியாகப் பேச விரும்புபவர் பெயரும் எண்ணும் எழுதட்டும். மறுநாளே கூப்பிடுங்கள், ஒரு வாரம் போனால் சூடு ஆறிவிடும்.

பழைய கிளையன்டிடம் சிபாரிசு கேட்பது எட்டாம் வாரத்தில் அல்ல, ஐந்தாம் வாரத்தில். அப்போதுதான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், அவரே நண்பர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். "யாராவது இருந்தா சொல்லுங்க" என்றால் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். "உங்க பேட்ச்ல எழுத்துத் தேர்வு பாஸாகி இன்டர்வியூவுல நின்னவங்க யாரு?" என்று கேட்டால் ஒரு பெயர் உடனே வரும்.

கணக்கும் பதிவும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வரவு, செலவு அன்றன்றே எழுத வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி பதிவு கட்டாயமில்லை. பக்கத்து மாநிலத்து ஆட்களுக்குச் சேவை தந்தாலும் இதே வரம்புதான். இது தெரியாமல் கோவை கிளையன்ட்களை வேண்டாம் என்று சொன்ன ஒரு அக்காவை எனக்குத் தெரியும். வாடகைக்கு அறை எடுத்துப் பலகை மாட்டுவதாக இருந்தால், உரிமம் பற்றிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

அறையே அவசரமில்லை. நான் இரண்டாம் மாதமே சித்தூரில் அறை எடுத்து, ஒரு வருடம் காலி நாற்காலிகளுக்கு வாடகை கட்டினேன். வீட்டுத் திண்ணையிலும் நூலக மேஜையிலும் தொடங்குங்கள்.

ஏழாம் படி: பெரிதாக்குவது எப்போது?

இருபது பேரைத் தனித்தனியாக முடிக்கும்வரை வீடியோ கோர்ஸ் எடுக்காதீர்கள், ஆள் சேர்க்காதீர்கள், இரண்டாவது திட்டம் தொடங்காதீர்கள். இருபதாவது ஆளிடம் வரும்போது ஒன்று கவனிப்பீர்கள். ஒரே பயிற்சியை, ஒரே உதாரணத்தோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதுதான் குழுவுக்கான நேரம். ஆறு பேர், எட்டு செஷன், தலைக்கு 3,000 ரூபாய் என்றால் 18,000. ஒரு செஷனுக்கு 2,250. தனியாக 900 வந்த அதே ஒரு மணி நேரம். வருபவருக்கும் பாதிக்கும் குறைவான செலவு, 7,200 கட்ட முடியாத வீடுகளுக்கும் கதவு திறக்கும். ஆறுக்கு மேல் போகாதீர்கள். வாய் திறக்காமல் தப்பித்துக்கொள்ள ஏழாவது ஆளுக்கு இடம் கிடைத்துவிடும், அவர்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டியவர்.

அந்தத் தம்பியிடம் டீக்கடையிலேயே நோட்டைத் திருப்பிக் கொடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தில் பெயர்கள் மட்டும் எழுதச் சொன்னேன். கஞ்சிக்கோட்டில் தன்னோடு வேலை பார்த்து, சூப்பர்வைசராக உயர்ந்த பிறகு ஆட்களைச் சமாளிக்க முடியாமல் தவிப்பவர்கள். டீ ஆறுவதற்குள் பதினாலு பெயர் வந்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். இன்று ராத்திரி பெயர்களை எழுதுங்கள், நாளை காலை முதல் மூன்று பேரைக் கூப்பிடுங்கள்.